தவளைக் காருக்கு மஹ்றூப் சொன்ன இரண்டு விலைகள்

1978 முதல் 1986 வரை வவுனியாவில் ஏறக்குறைய முந்நூறு வாகனங்கள் மஹ்றூப் சொன்ன விலைக்குக் கைமாறின. ஒரேயொரு காருக்கு மட்டும் அவர் இரண்டு முறை விலை சொன்னார்.

மஹ்றூப் கார் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. விலை சொல்வதுதான் அவர் தொழில். வாங்குகிறவரும் விற்கிறவரும் அவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் சொல்வதே முடிவு என்று இருவரும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு வாகனத்தைச் சுற்றி வருவார், ஓட்டிப் பார்ப்பார், சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே படுத்துப் பார்ப்பார். எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, அக்கம்பக்கம் கேட்கும்படி ஒரு தொகையைச் சொல்வார். அதற்கு மேல் பேரம் கிடையாது. இரண்டு பக்கமும் அவருக்குக் கொஞ்சம் தரகு கொடுப்பார்கள்.

அப்படி ஒருவர் தேவைப்பட்ட காலம் அது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. ஜப்பான் கார்கள் வந்து குவிய, பழைய ஆங்கிலக் கார்களுக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஓமந்தையில் ஒருவன் ஒஸ்ரினை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தான். துணுக்காயில் இன்னொருவன் அதே மாதிரிக் காருக்கு இரண்டு மடங்கு கேட்டான். மஹ்றூப் ஓர் அளவுகோலைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் மொரிஸ் மைனரோடு ஒப்பிட்டார். வன்னியில் ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடியவை பெரும்பாலும் மைனர்கள். அதன் விலை எல்லோருக்கும் தெரியும். எந்த வாகனமானாலும் மைனரைவிட எத்தனை பேரை அதிகம் ஏற்றும், எத்தனை மூட்டை நெல்லை அதிகம் சுமக்கும், உதிரிப்பாகம் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று பார்த்துக் கூட்டுவார், கழிப்பார். 1984க்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. டிக்கிப் பூட்டு ஒழுங்காகத் திறக்கிறதா? இராணுவச் சாவடிக்குச் சாவடி டிக்கியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. பூட்டு இறுகிய காருக்கு அவர் யோசிக்காமல் ஆயிரம் ரூபாய் குறைப்பார்.

1986 மாசி மாதத்தில் அருந்ததி அவரைத் தேடி வந்தாள். நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த பரமலிங்கத்தின் மனைவி. ஊரார் எல்லோரையும் போல அவளுக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

“நானா, அவரிட காரை விக்க வேணும். இந்தக் கிழமைக்குள்ள.”

“தவளைக் காரையோ? அவன் உன்னை வித்தாலும் அதை விக்க மாட்டானே, தங்கச்சி.”

அவள் சிரிக்கவில்லை. மஹ்றூப் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

பரமலிங்கத்தை ஒருமுறை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துச் சென்று, பிறகு விடுவித்திருந்தார்கள். வானொலி திருத்துகிறவன் இயக்கத்துக்கும் கருவி செய்து கொடுப்பான் என்று சந்தேகப்பட்ட காலம் அது. போன வாரம் மறுபடியும் கடைக்கு வந்து அவன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் வீட்டின் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. ஜேர்மனிக்கு அனுப்புகிற ஓர் ஏஜென்ட் வெள்ளிக்கிழமை இரவு கொழும்பிலிருந்து ஒரு கூட்டத்தை ஏற்றுகிறான். கட்டவேண்டிய மிச்சம் நாற்பத்தையாயிரம். நகையெல்லாம் முதல் தவணைக்கே போய்விட்டது. விற்பதற்கு இந்தக் கார் மட்டும்தான் இருந்தது.

“எவ்வளவுக்குப் போகும், நானா?”

“பாக்காமல் நான் சொல்லுறதில்லை எண்டு உனக்குத் தெரியும்தானே.”

அது 1959ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற். இருவர் மட்டும் உட்காரலாம். கூரை இல்லை, துணி இழுத்துக் கட்ட வேண்டும். முன் விளக்குகள் இரண்டும் பொனற்றின் மேலே பிதுங்கிக்கொண்டு நிற்கும். தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போனபோது பண்டாரவளையில் மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பரமலிங்கம் அதை வாங்கினான். வவுனியாத் தெருவில் அது ஓடிய முதல் நாளிலேயே பிள்ளைகள் தவளைக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காரை விரும்பி வாங்க ஒருவர் இருந்தார். கொழும்பில் பழைய ஆங்கிலக் கார்களைச் சேர்த்துப் புதுப்பித்து விற்கும் றஸீன். இரண்டு வருடங்களுக்கு முன்பே கேட்டுப் பார்த்து, பரமலிங்கத்திடம் திட்டு வாங்கிக்கொண்டு போனவர். மஹ்றூப் தபால் கந்தோரிலிருந்து அவருக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாளே றஸீன் ரயிலில் வந்து இறங்கினார்.

கார் கடையோடு ஒட்டிய அவர்கள் வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டிலுக்குள், பின்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. மஹ்றூப் அதை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கக் கேட்டார். அருந்ததி வேண்டாம் என்றாள். அந்த வாரம் அந்த வாசலில் யாருடைய கண்ணும் படுவதை அவள் விரும்பவில்லை. மஹ்றூப் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்தார். கொட்டிலுக்குள்ளேயே ஸ்ராட் பண்ணச் சொன்னார். எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்தார். பரமலிங்கம் பின்னறையிலிருந்து வந்து பொனற்றைத் தூக்கினான். மட்கார்டும் விளக்குமாக முன்பக்கம் முழுவதும் ஒரே தகடாக எழும்பியது. உள்ளே இருந்த எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது.

மஹ்றூப் சிரித்தார். “இது மைனர் எஞ்சின்தானே, தம்பி. ஒரு காபரேற்றருக்கு ரெண்டு காபரேற்றர் வைச்சிருக்கிறான்.”

“மைனர் எண்டு சொல்லாதேங்கோ நானா. இது ஓடுறதைப் பாத்தியளெண்டா…”

“கியர்பொக்ஸ், ஸ்ரியறிங் எல்லாம் மைனரிட உறவுக்காரர்தான். சீமையில போய் சட்டையை மாத்திக்கொண்டு வந்திருக்கு.”

“ஒரு லட்சம் பெறும்,” என்றான் பரமலிங்கம்.

“வாயை மூடுங்கோ,” என்றாள் அருந்ததி.

மஹ்றூப் கணக்குப் போட்டார். மைனரை நாற்பதாயிரத்துக்கு எடுக்கலாம். இது இரண்டு பேரைத்தான் ஏற்றும். ஹயருக்கு உதவாது, நெல்லுக்கு உதவாது. வவுனியாவில் இதற்கு இருபதுக்கு மேல் ஒருவரும் தரமாட்டார்கள். ஆனால் இதற்காக ஒருவர் கொழும்பிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார். அங்கே இந்த மாதிரி நல்ல நிலையில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

“அறுபதாயிரம்,” என்று மஹ்றூப் சத்தமாகச் சொன்னார்.

றஸீன் மூச்சை இழுத்துவிட்டுத் தலையாட்டினார். பரமலிங்கம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அருந்ததி விரல்விட்டு எண்ணினாள்: ஏஜென்டுக்குக் கட்டியும் பதினைந்து மிஞ்சும். றஸீன் முற்பணத்தை மஹ்றூப்பின் கையில் கொடுத்தார். ஒரேயொரு நிபந்தனை வைத்தார். நகரத்துக்குத் தெற்கே உள்ள சோதனைச் சாவடிக்கு அப்பால், மதவாச்சியில் வைத்துக் காரை ஒப்படைக்க வேண்டும். மிச்சப் பணத்தை அங்கே தருவார்.

அது அந்த நாட்களில் வழக்கமான நிபந்தனைதான். மஹ்றூப் எத்தனையோ வாகனங்களை அந்தச் சாவடியைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவருக்கு நல்ல சிங்களம் தெரியும்.

புதன்கிழமை காலை அவர் காரை எடுத்தார். பக்கத்தில் அருந்ததி, கைப்பைக்குள் கார்ப் பத்திரங்களோடு உட்கார்ந்திருந்தாள். உயரமான லொறிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே தரையோடு ஒட்டிக்கொண்டு சிவப்பு நிறத்தில் அந்தக் கார் வரிசையில் நின்றது. முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். மஹ்றூப்புக்கு அது பிடிக்கவில்லை. சாவடியில் யாரும் திரும்பிப் பார்க்காத வாகனம்தான் நல்ல வாகனம்.

அவர்கள் முறை வந்தது. இளம் சிப்பாய் ஒருவன் காரைச் சுற்றி நடந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது. பின்பக்கம் போனதும் சிரிப்பு நின்றது.

“டிக்கிய அரின்ன,” என்றான். டிக்கியைத் திறக்கச் சொன்னான்.

மஹ்றூப் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் பின்னால் போனார். வழவழப்பான தகடு. கைப்பிடி இல்லை. சாவித் துவாரம் இல்லை. மூடி இருப்பதற்கான கோடுகூட இல்லை. முந்நூறு வாகனங்களுக்கு விலை சொன்ன மனிதர், இந்தக் காரின் பின்பக்கத்தை அப்போதுதான் முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தார்.

“இந்தக் காருக்கு டிக்கி இல்லை, மாத்தயா,” என்றார் சிங்களத்தில்.

சிப்பாய் துவக்குப் பிடியால் தகட்டைத் தட்டினான். உள்ளே வெற்றிடம் என்று சத்தமே சொல்லிற்று. இன்னும் பலமாகத் தட்டினான். பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டான். கோப்ரல் வந்தார், தானும் தட்டிப் பார்த்தார். பின்னால் நின்ற பஸ்ஸில் பேச்சு அடங்கியது.

“இவ்வளவு பெரிய இடம் வைத்துவிட்டுக் கதவு வைக்காமல் எவன் கார் செய்வான்?” என்று கோப்ரல் கேட்டார். “யார் இதை ஒட்டியது?”

“இங்கிலாந்தில் இப்படித்தான் செய்தது, மாத்தயா.”

“இங்கிலாந்தில்,” என்று கோப்ரல் திருப்பிச் சொன்னார். அவர் நம்பவில்லை. மஹ்றூப்பே ஐந்து நிமிடத்துக்கு முன் என்றால் நம்பியிருக்க மாட்டார்.

அருந்ததி இறங்கி, தன் இருக்கையின் முதுகை முன்னால் சாய்த்தாள். “இதுக்குள்ளால போகலாம், நானா. அவர் ஸ்பெயார் வீலை இப்பிடித்தான் எடுப்பார்.”

இருக்கைக்குப் பின்னால் ஒரு கறுத்த பொந்து தெரிந்தது. கோப்ரல் மஹ்றூப்பைப் பார்த்துக் கையைக் காட்டினார். போ.

மஹ்றூப்புக்கு அப்போது ஐம்பது வயது. நல்ல பருமன். தலையை முதலில் விட்டார், பிறகு தோளை. இடுப்பு சிக்கிக்கொண்டது. சாறம் ஏதோவொரு கொளுக்கியில் மாட்டிக் கிழிந்தது. வெளியே கால்கள் மட்டும் ஆட, யாரோ ஒரு சிப்பாய் சிரிப்பது கேட்டது. உள்ளே வெக்கையும் பெற்றோல் மணமும். கை ஸ்பெயார் சில்லைத் தொட்டது. அதற்கு அப்பால் வேறொன்றையும் தொட்டது. சுருட்டி வைத்த கம்பி. விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பெரிய வயர்ச் சுருள்; அதன் பக்கத்தில் வானொலிக்குள்ளிருந்து கழற்றிய ஏதோ ஒரு பெட்டி.

குண்டு வைக்கிற வயர் என்றுதான் சிப்பாய்கள் நினைப்பார்கள். வெளியே எடுத்தால் யாருடையது என்று கேட்பார்கள். கார்ப் பத்திரத்தில் பரமலிங்கம் என்று இருக்கிறது. எடுக்காமல் விட்டு, அவர்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் மோசம். மஹ்றூப் இருட்டுக்குள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். பிறகு சில்லை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னோக்கி வெளியே வந்தார்.

“வீல், மாத்தயா. வேறொன்றுமில்லை.”

சிப்பாய் டோர்ச் அடித்துப் பார்த்தான். வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் வளையவில்லை. கோப்ரல் அவனை உள்ளே போகச் சொன்னார். அவன் துவக்கைக் கழற்றி மற்றவனிடம் கொடுத்தான். முழங்காலை இருக்கையில் ஊன்றினான். அருந்ததி மஹ்றூப்பின் முகத்தைப் பார்த்தாள்; அதில் என்ன கண்டாளோ, அவளுடைய கை கைப்பையை இறுக்கிக்கொண்டது.

அப்போது தெற்கிலிருந்து ஒரு வாகனத் தொடர் வருவதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். பாதையை உடனே வெறுமையாக்க வேண்டும். கோப்ரல் சிப்பாயின் தோளைத் தட்டி வெளியே எடுத்தார்.

“திருப்பிக் கொண்டுபோ,” என்றார் மஹ்றூப்பிடம். “பின்னால் வெட்டிக் கதவு வைத்துக்கொண்டு வா. இப்படி இது இங்கே தாண்டாது. மறுபடி இப்படிக் கொண்டுவந்தால் நாங்களே வெட்டிப் பார்ப்போம்.”

மஹ்றூப் காரைத் திருப்பினார். புகையிரத நிலையம் தாண்டியதும் மஹ்றூப் சொன்னார்: “உள்ளுக்கு வயர் கிடக்கு, பிள்ளை.”

அருந்ததி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னேரம் றஸீன் மதவாச்சியில் காத்திருந்து அலுத்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கொட்டிலில் எல்லோரும் நின்றார்கள். பரமலிங்கம் வயர்ச் சுருளை எடுத்து வெளியே போட்டிருந்தான். “ஏரியல் வயர், நானா. சத்தியமா மறந்துபோனன்,” என்று நாலைந்து தரம் சொல்லிவிட்டான். மஹ்றூப் கிழிந்த சாறத்தை இழுத்து முடிந்தார்.

“வெட்டலாம்,” என்றான் பரமலிங்கம். “நானே வெட்டுறன். ஒரு பிணைச்சலும் பூட்டும் போட்டா நாளைக்குக் கொண்டுபோகலாம்.”

றஸீன் தலையசைத்தார். “வெட்டினா எனக்குத் தேவையில்லை, தம்பி. டிக்கி இல்லாததாலதான் இது இந்தக் கார். மூடி வைச்சா கொழும்புல ஒருத்தனும் பாதிக் காசும் தரமாட்டான்.”

“அப்ப வெட்டாமல் நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கோ.”

“பைத்தியமா எனக்கு?”

“காருக்குத்தான் ஆசை, பாதைக்கு இல்லை.” பரமலிங்கத்தின் குரல் உயர்ந்தது. அருந்ததி அவன் வாயைப் பொத்தினாள். தெருவில் ஒரு ஜீப் போகும் சத்தம் கேட்டது. அது தேயும்வரை நால்வரும் நின்றபடியே இருந்தார்கள்.

றஸீன்தான் முதலில் பேசினார். “மஹ்றூப் நானா, நீங்க விலை சொன்னீங்க. நான் ஒத்துக்கொண்டேன். அறுபதுக்கு நான் இப்பவும் ரெடி. கார் மதவாச்சிக்கு வரட்டும். உங்கட வாயால சொன்னது.”

அவர் பேச்சில் கேலி இருந்தது. பொருள் வராது என்று அவருக்குத் தெரியும். முற்பணத்தை மஹ்றூப் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்பதும் தெரியும்.

மஹ்றூப் காரைச் சுற்றி வந்தார். இந்த முறை சுவரிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தார்கள், பின்பக்கத்தையும் பார்த்தார். கீழே படுத்து எழுந்தார். பிறகு வெளியே போய், கடைத்தெருவிலிருந்து சுடலைமுத்துவை அழைத்துக்கொண்டு வந்தார்.

சுடலைமுத்து ஹயர் ஓடுகிறவர். 1977 கலவரத்துக்குப் பின் பதுளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு வந்து பூவரசங்குளத்தில் குடியேறியவர். அவருடைய மொரிஸ் மைனர் எஞ்சின் வெடித்து ஒரு மாதமாகக் கட்டையில் ஏறி நின்றது. வேறு எஞ்சின் வாங்க ஒரு சீட்டை எடுத்து, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடி அலைந்தார்.

மஹ்றூப் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார். சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொன்ன விலை பிழை,” என்றார். “ஓட்டிப் பாக்காமல், பின்பக்கம் பாக்காமல் சொன்னது. இந்தக் கார் முழுசாப் போக ஏலாது. அதால முழுசுக்கு விலை இல்லை.”

மஹ்றூப் காரைப் பகுதி பகுதியாக விரலால் காட்டினார்.

“எஞ்சின், கியர்பொக்ஸ், ஸ்ரியறிங் ரக் சுடலைமுத்துவுக்கு. இருபத்தையாயிரம். பொனற், கண்ணாடி, டயல் எல்லாம், ரெண்டு காபரேற்றர், சில்லு, சீற் றஸீனுக்கு. பதினாறாயிரம். ரயில் பார்சலில ஏத்தலாம். தனித்தனியாப் போனா ஒருத்தரும் தட்டிப் பாக்க மாட்டினம். மிச்சத் தகரம் இங்கேயே கிடக்கட்டும்.”

“நாற்பத்தொண்டு,” என்றாள் அருந்ததி. பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் நாலு வேணும், நானா.”

“நாலு எதுக்கு?”

“அந்த நாற்பத்தஞ்சில நாலு, இங்கயிருந்து கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்கு ஏஜென்ட் எடுக்கிறது.”

மஹ்றூப்பும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினார். “எஞ்சினைப் பூட்டினா முதல் ஹயர் கொழும்புக்கு. காசு கேக்கக்கூடாது. அதுவும் விலைக்குள்ளதான்.”

சுடலைமுத்து பரமலிங்கத்தைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். “நானா, எஞ்சினுக்குத்தானே வந்தேன். ஆளையும் ஏத்தச் சொல்றீங்களே.”

“ஏத்த ஏலாட்டிச் சொல்லு. வேற ஆளிட்ட விலை சொல்லுறன்.”

“நான் எப்பங்க ஏத்த மாட்டேன்னு சொன்னேன்?” அவர் வேட்டியில் கையைத் துடைத்தார். “நாங்க பதுளையில இருந்து வந்தப்ப எங்களையும் ஒருத்தன் ஏத்திக்கிட்டு வந்தான். அவன் காசுதான் வாங்கினான், பாவிப்பய. எஞ்சின் ஓடணும், அம்புட்டுதான். ஓடலேன்னா உங்க வீட்டு வாசல்ல கட்டையில ஏத்திடுவேன்.”

றஸீன் காரின் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கொழும்பில் பொனற்றுக்காகவே அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “பதினாறு ரொம்பக் கூட,” என்றார்.

“ரெண்டு விலை சொன்னன். மூண்டாவது சொல்லமாட்டன்.”

றஸீன் முற்பணம் போக மிச்சப் பணத்தை எடுத்தார். “இனி இந்தப் பக்கம் விலை பாக்க உங்களைக் கூப்பிடுறதா இல்லையா எண்டு யோசிக்கத்தான் வேணும், நானா,” என்றார், சிரித்துக்கொண்டே. மஹ்றூப் தரகு வாங்கவில்லை.

புதன் இரவே சுடலைமுத்து தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். ஆனால் கழற்றுகிற வேலையில் முக்கால்வாசியைப் பரமலிங்கம் செய்தான். யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு நட்டையும் கழற்றி, எதற்கு எது என்று சொல்லிச் சொல்லி வைத்தான். “ரெண்டு காபரேற்றர் போட்டு ஓட்டினா மைனர் பறக்கும், அண்ணை,” என்று சுடலைமுத்துவிடம் சொன்னான். “பறக்க வேணாம் தம்பி, ஊர்ந்து போய்ச் சேர்ந்தா போதும்,” என்றார் அவர். பொனற்றைச் சாக்குகளில் சுற்றிக் கட்டியபோது மட்டும் பரமலிங்கம் வெளியே போய் நின்றான். தெருவில் நிற்கக்கூடாது என்று அருந்ததி போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

வியாழன் மாலை மைனர் முதல் தடவையாக உறுமியது. பழைய ஒற்றைக் காபரேற்றரைப் பூட்டியிருந்தார்கள். மஹ்றூப் அதைத் தெருவில் எடுத்து, ஓமந்தைப் பக்கம் போய்த் திரும்பினார். இறங்கி, சுடலைமுத்துவிடம் சாவியைக் கொடுத்தார். தலையை ஆட்டினார்.

வெள்ளி விடியற்காலை பரமலிங்கம் அந்தக் காரின் பின் சீற்றில், கொழும்புக்குக் கண் காட்டப் போகிற ஒரு கிழவருக்குப் பக்கத்தில் ஏறினான். கிழவர் சுடலைமுத்துவின் மாமனார். அவருடைய வைத்தியத் துண்டுச் சீட்டு, சாவடியில் காட்டுவதற்காக, முன் சீற்றில் கிடந்தது. அருந்ததி வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் சீலையை விலக்காமல் உள்ளே நின்று, கார் சத்தம் கடைத்தெரு திரும்பும்வரை கேட்டாள். மத்தியானம் தபால் கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. அனுராதபுரம் தாண்டியாயிற்று என்று சுடலைமுத்து சொல்லச் சொன்னாராம்.

திங்கட்கிழமை மஹ்றூப் துணுக்காய்க்கு ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கு விலை பார்க்கப் போனார். அவர் சொல்லும் விலை சரிதானா என்று பார்க்க, அங்கே இன்னொரு தரகரையும் கூப்பிட்டிருந்தார்கள்.